வண்டித் துப்புரவும் குடும்பப் பாதுகாப்பும்

(ரப்பர் தோட்டம் ஒன்றின் பொது மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தகவல் இலாகாவிலிருந்து வருபவர்கள் சுகாதாரம், சேமிப்பு, பிள்ளைகளின் நலன் ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ, சொந்த வண்டியை வீட்டிலேயே உள்ளும் புறமும் துப்புரவு செய்வது எப்படி என்பதாகும். "இதற்கு ஓர் உரை வேண்டுமா? வாளியும் துணியும் இருந்தால் போதாதா?" என்று பின்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சுகாதாரம், சேமிப்பு, பிள்ளைகளின் நலன் ஆகிய மூன்றுமே இந்தப் பொருளுக்குள் அடங்கியிருக்கின்றன என்பதை, உரையின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறோம்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். அதைக் கழுவித் துடைப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். நம் பாட்டன்மார் கால்நடையாகவோ, மிதிவண்டியிலோ, தோட்ட லாரியிலோதான் பட்டணம் போய் வந்தனர். 1985 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புரோட்டோன் சாகாவும், 1994 ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்த பிறகு நிலைமை மெல்ல மெல்ல மாறியது. இன்று நம் வீட்டு வாசலில் ஒரு பழைய காடி நிற்கிறது. அது பல கை மாறி வந்ததாக இருக்கலாம். ஆயினும், சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியாலும், மாதந்தோறும் கட்டிய தவணையாலும் வாங்கியது. மழை நாளில் பிள்ளையைப் பள்ளியில் இறக்குவதும், நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் மகளை மருத்துவமனையில் சேர்ப்பதும் அந்த வண்டிதான். வீட்டை அடுத்து, ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் பெரிய சொத்து அதுவே.

அந்தச் சொத்தை எவ்வாறு பேணுவது என்பதே இன்றையப் பேச்சு.

பட்டணத்து வண்டி வேறு, தோட்டத்து வண்டி வேறு

பட்டணத்தில் உள்ளவர்களின் வண்டியில் படிவது பெரும்பாலும் தூசியும் புகையும்தான். நம் வண்டியின் நிலை அவ்வாறன்று. முதலாவதாக, செம்மண். வெயில் காலத்தில் பொடியாகவும், மழைக் காலத்தில் சேறாகவும் அது வண்டியின் ஒவ்வோர் இடுக்கிலும் புகுந்துகொள்கிறது. இரண்டாவதாக, பால். வெட்டு முடிந்து வரும்போது ஆடையிலும் வாளியிலும் ஒட்டிய பால், இருக்கையிலும் கதவிலும் படிந்து காய்ந்துவிடுகிறது. மூன்றாவதாக, பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம். நான்காவதாக, களைக்கொல்லி முதலிய தெளிப்பு மருந்துகள். ஐந்தாவதாக, வண்டிக்குள் கூடு கட்டும் எலி.

இவற்றுள் முதல் இரண்டும் வண்டியின் அழகைக் கெடுக்கின்றன. மற்ற மூன்றும் வண்டியையும் கெடுக்கின்றன, வண்டியில் ஏறும் மனிதரையும் கெடுக்கின்றன. எனவே, தோட்டத்து வண்டியைத் துப்புரவு செய்வது அழகுக்காக மட்டும் செய்யப்படும் வேலையன்று. காட்டிலிருந்து வண்டியில் ஏறிய நஞ்சு, பிள்ளையின் கைக்குப் போய்ச் சேராமல் தடுக்கும் வேலையாகும்.

ஒரு தோட்டத்தில் நாங்கள் கண்ட காட்சியைச் சொல்கிறோம். மாலையில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த ஒரு தந்தை, வண்டியின் பின்புறச் சாமான் அறையைத் திறந்தார். உள்ளே மருந்து தெளிக்கும் தோம்பு சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் பிள்ளையின் புத்தகப் பை. பையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. "ஐயா, இது மருந்துத் தண்ணீர் அல்லவா?" என்று கேட்டோம். "வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும், ஐயா" என்றார் அவர். தண்ணீர் காய்ந்துவிடும் என்பது உண்மைதான். மருந்து காய்ந்து போவதில்லை. அது பையிலேயே தங்கும். அந்தப் பையைப் பிடித்த கையால்தான் பிள்ளை சோறு உண்ணும். அவர் அன்பில்லாத தந்தை அல்லர். அவருக்கு இதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு முன்

வெயில் ஏறுவதற்கு முந்திய காலை வேளையோ, வெயில் தாழ்ந்த மாலை வேளையோ இவ்வேலைக்கு ஏற்றது. கடும் வெயிலில் கழுவினால், சோப்பு நீர் துடைப்பதற்கு முன்னரே காய்ந்து, சாயத்தின் மேல் கறையாகப் படியும். மர நிழல் நல்லதுதான். ஆனால், பால்மரத்தின் அடியில் நிறுத்தினால் இலையும் விதையும் மேலே விழும்.

இரண்டு வாளிகள், மென்மையான பருத்தித் துணிகள் நான்கைந்து, ஒரு பழைய பல் துலக்கி, ஒரு கைத்தூரிகை, ரப்பர் கையுறை, கார் கழுவும் சோப்பு நீர், சமையலறையில் உள்ள ஆப்பச் சோடா ஆகியவை போதும். கிழிந்த பழைய பனியனைவிடச் சிறந்த துணி கடையில் இல்லை. ஆனால், அதில் பொத்தானோ ஊசியோ இருத்தல் கூடாது. பாத்திரம் துலக்கும் தேங்காய் நாரையும் இரும்பு நாரையும் வண்டியின் அருகே கொண்டு வராதீர்கள். அமிலமோ மருந்தோ கலக்கப் பயன்படும் வாளியை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். குழாயைத் திறந்துவிட்டால் ஒரு நிமிடத்தில் 10 லிட்டருக்கு மேல் ஓடிவிடும். வாளியில் மொண்டு கழுவினால், ஐந்தாறு வாளித் தண்ணீரில் ஒரு சிறிய காரை நன்றாகக் கழுவிவிடலாம்.

மற்றொன்று, சாவி எப்போதும் பெரியவர் சட்டைப் பையில் இருக்கட்டும். கதவுகள் திறந்திருக்கும் வண்டி, பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடாரம். உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்ட குழந்தையால், சில வேளைகளில் திறந்து வெளியே வர இயலாது. வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் வெப்பம், முதல் 10 நிமிடத்திலேயே ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்ந்துவிடும். வேலை முடிந்ததும் நான்கு கதவுகளையும் சாமான் அறையையும் பார்த்துப் பூட்டுங்கள்.

முதலில் உள்ளே

பலர் வண்டியின் வெளிப்புறத்தை முதலில் கழுவுகின்றனர். பிறகு உட்புறத்தைத் தட்டும்போது எழும் புழுதி, ஈரமான கதவில் போய் ஒட்டிக்கொள்கிறது. வேலை இரட்டிப்பாகிறது. ஆதலால் உட்புறத்தையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருக்கும் அனைத்தையும் வெளியே எடுத்து வையுங்கள். இருக்கைக்கு அடியில் உருண்டு கிடக்கும் போத்தல்களை மறக்கக் கூடாது. ஓட்டுநரின் காலடியில் கிடக்கும் போத்தல், பிரேக் மிதியின் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டால் பிரேக் இறங்காது. தீமூட்டி, வாசனைத் தெளிப்பான் போன்றவை இருந்தால் அவற்றையும் அகற்றுங்கள். சூடேறிய வண்டியில் அவை வெடிக்கக்கூடும்.

அடுத்து, கால் விரிப்புகளை எடுத்து உதறி, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, நிழலில் கவிழ்த்து வையுங்கள். விரிப்பு இருந்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா? இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். நம் வண்டிகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரங்கள் இலையுதிர்க்கும்போது, முன் கண்ணாடியின் அடியில் உள்ள பள்ளத்தில் இலைகள் சேர்ந்து மக்கி, நீர் வடியும் துவாரத்தை அடைத்துவிடுகின்றன. வடிய வழியில்லாத மழைநீர் வண்டிக்குள் இறங்குகிறது. அந்த இலைகளைக் கையால் அள்ளிப் போட்டாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

இருக்கைகளை மேலிருந்து கீழாகத் தட்டி, இடுக்குகளில் உள்ள மண்ணைத் தூரிகையால் வெளியே கொண்டு வாருங்கள். தூசி உறிஞ்சும் கருவி இருந்தால் நன்று. இல்லாவிட்டால், ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். தண்ணீரை ஊற்றி நனைக்காதீர்கள். இருக்கையின் அடியில் மின்கம்பிகள் செல்கின்றன. பஞ்சு ஈரமானால் நாட்கணக்கில் நாற்றமடிக்கும்.

இருக்கைத் துணியில் பால் பட்டிருந்தால் என்ன செய்வது? ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். காய்ந்துவிட்டால், ஒட்டுப்பாலை எப்படி உரிப்பீர்களோ அப்படியே ஒரு முனையைத் தூக்கி மெதுவாக உரித்தெடுத்து, மிச்சத்தைத் தூரிகையால் துலக்குங்கள். பெட்ரோலைத் தொட்டுத் துடைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிட வேண்டும். மூடிய இடத்தில் பெட்ரோல் ஆவி தங்கினால், ஒரு பொறி போதும்.

இருக்கைப் பட்டைகளை முழுவதும் இழுத்து, மிதமான சோப்பு நீரால் துடைத்து, நிழலில் காயவிட்ட பின்னரே உள்ளே போகவிடுங்கள். வெளுப்பு நீர் பட்டால் பட்டையின் நூல் வலுவிழக்கும். பின் இருக்கையின் பட்டைகள் பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. பின்னால் அமர்பவர்களும் பட்டை அணிய வேண்டும் என்னும் விதி 2009 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நடப்பில் உள்ளது. குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. புதைந்து கிடக்கும் பட்டையை வெளியே எடுப்பதும் துப்புரவின் ஒரு பகுதியே.

ஓட்டும் வளையம், கியர்ப் பிடி, கதவுப் பிடி ஆகியவையே கை அதிகம் படும் இடங்கள். மருந்து கலந்த கையோடு நாம் தொட்ட இடங்களும் அவையே. சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, பின்னர் நல்ல தண்ணீரில் நனைத்த துணியாலும் துடைக்க வேண்டும். மினுமினுப்புக்காக எண்ணெய்ப் பசையுள்ள மருந்துகளை ஓட்டும் வளையத்திலும் மிதிகளிலும் பூசக் கூடாது. கை வழுக்கும், கால் வழுக்கும்.

சாமான் அறையில் விழிப்பு வேண்டும்

வண்டியில் மிகுந்த கவனத்துடன் துப்புரவு செய்ய வேண்டிய இடம் பின்புறச் சாமான் அறைதான். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். பெரியவர் ஒருவர் கையுறை அணிந்து, கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

அமிலம் சிந்திய இடத்தில் ஆப்பச் சோடாவைத் தூவுங்கள். நுரைத்து எழும். நுரைப்பது நின்ற பிறகு தண்ணீரால் பலமுறை துடையுங்கள். பிறகு விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியைப் பாருங்கள். அமிலம் பட்ட இரும்பு துருப்பிடிக்கும். துரு நாளடைவில் துளையாகும். அந்தத் துளை வழியாகப் புகைக்குழாயின் நச்சுக்காற்று வண்டிக்குள் வரும். கார்பன் மோனாக்சைடு என்னும் அந்தக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்சாதனத்தை இயக்கிவிட்டு வண்டிக்குள் உறங்குபவர்கள் விழித்தெழாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம். விரல் நுனியளவு துளை என்றாலும் பட்டறையில் காட்டி அடைத்துவிடுங்கள்.

களைக்கொல்லி சிந்தியிருந்தால், சோப்பு நீரால் மூன்று முறை துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மருந்து ஊறிப்போன விரிப்பைக் கழுவிப் பயன்படுத்த எண்ணாமல் எறிந்துவிடுவதே அறிவுடைமை. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதை உட்கொண்டவருக்கு மாற்று மருந்து இல்லை. பழைய போத்தல் எங்கேனும் ஒரு மூலையில் கிடந்தால், வண்டியில் ஏற்றிக்கொண்டு அலையாமலும், சாக்கடையில் கொட்டாமலும், தோட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். குளிர்பானப் போத்தலில் மருந்தை ஊற்றி வைக்கும் பழக்கம் அறவே கூடாது. எந்தப் பிள்ளைக்கும் குளிர்பானப் போத்தல் குளிர்பானமாகத்தான் தெரியும்.

எலியின் புழுக்கை தெரிந்தால், உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல், கையிலுள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியாகவும் உடலில் புகும். பால்வெட்டும் கையில் வெட்டுக்காயம் இல்லாத நாள் எது? ஒரு பங்கு வெளுப்பு நீருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அந்த இடத்தை நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு, கையுறையுடன் துடைத்தெடுங்கள். எலி கடித்த மின்கம்பி ஏதேனும் தென்பட்டால் நாமே துணி சுற்றி ஒட்டாமல், பட்டறையில் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வெளுப்பு நீரை அமிலத்தோடு சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோடு சேர்த்தாலும் வேறொரு நச்சுக்காற்று எழும். பட்டணத்து வீட்டில் இவையெல்லாம் ஒன்று சேர்வது அரிது. நம் வண்டியின் சாமான் அறையில் எளிதில் சேர்ந்துவிடும். ஆகவே, அமிலமோ அம்மோனியாவோ பட்ட இடத்தில் வெளுப்பு நீரைப் பயன்படுத்தவே கூடாது. கண் எரிந்து, தொண்டை அடைத்தால் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் காற்றோட்டமான இடத்திற்கு வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிறகு வெளியே

முதலில் வெறும் தண்ணீரை மேற்கூரையிலிருந்து ஊற்றி, செம்மண்ணை ஊறவைத்து இறக்குங்கள். மண் இறங்குவதற்கு முன் துணியை வைத்துத் தேய்த்தால், ஒவ்வொரு மணல் துகளும் உளியைப் போல் சாயத்தைக் கீறும்.

இரண்டு வாளிகளுள் ஒன்றில் சோப்பு நீரும், மற்றொன்றில் வெறும் தண்ணீரும் இருக்கட்டும். சோப்பு நீரில் தோய்த்த துணியால் ஒரு பகுதியைத் துடைத்த பிறகு, அந்தத் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டே மீண்டும் சோப்பு நீரில் தோய்க்க வேண்டும். மண் ஒரு வாளியில் தங்கும், சோப்பு நீர் சுத்தமாக இருக்கும். மேலிருந்து கீழாகச் செல்ல வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி வைத்துக்கொள்ள வேண்டும். துணி வெளுக்கும் தூளையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் பயன்படுத்தினால், சாயத்தின் மேலுள்ள மெழுகுப் பூச்சு போய்விடும்.

சாயத்தின் மேல் காய்ந்த பாலைக் கத்தியால் சுரண்டாதீர்கள். விரல் நுனியால் உருட்டி எடுங்கள். மீதி இருந்தால், சிறிது சமையல் எண்ணெய் தடவி, சில நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். பறவை எச்சத்தின் மேல் ஈரத்துணியைப் போட்டு வைத்தால், தேய்க்காமலே வந்துவிடும்.

கதவுகளின் அடிவிளிம்பில் சிறு துவாரங்கள் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடிவதற்காக அவை அமைக்கப்பட்டுள்ளன. செம்மண் அவற்றை அடைத்துவிட்டால், நீர் உள்ளேயே தங்கிக் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டால் போதும். சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளின் உட்புறத்திலும் கையை விட்டு மண்ணை அகற்றுங்கள். நம் வண்டிகள் முதலில் துருப்பிடிக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று. முடிவில் உலர்ந்த துணியால் துடைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசினால், சாயம் வெயிலைத் தாங்கும்.

கண்ணாடிகளை உள்ளும் புறமும் துடையுங்கள். விடியுமுன் புறப்படும் நமக்கு, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அழுக்குக் கண்ணாடியில் பட்டுப் பரவினால், ஓரமாக மிதிவண்டியில் போகும் சக தொழிலாளி கண்ணில் படமாட்டார். விளக்குகளின் மேலுள்ள மண்ணையும், துடைப்பானின் ரப்பரில் ஒட்டிய மண்ணையும் அகற்றுங்கள். அந்த ரப்பர் இறுகி வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தின் அருகே குனிந்து பாருங்கள்

சக்கரத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தோம். தாப்பாவிலிருந்து மேலே செல்லும் அந்த வளைவுச் சாலை உங்களுள் பலருக்குத் தெரிந்திருக்கும். முதல் நாள் மாலை, மலைக்குப் போகும் வண்டி பளிச்சென்று இருக்கட்டுமே என்றுதான் கழுவத் தொடங்கினோம். ஒரு பின் சக்கரத்தின் உட்பக்கத்தைத் துடைத்தபோது கை வழுக்கியது. மற்ற மூன்று சக்கரங்களிலும் இருந்தது மண். இதில் இருந்தது எண்ணெய்ப் பசை.

பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக் எண்ணெய் கசிவதாகச் சொன்னார். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் விரல் நுனியளவு ரப்பர் உறுப்பு ஒன்று பழுதாகியிருந்தது. அதை மாற்ற ஆன செலவு பெரிதன்று. அதை மாற்றாமல், பிள்ளைகளோடு அந்த மலையிலிருந்து இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணி, அன்றிரவு நாங்கள் நெடுநேரம் உறங்கவில்லை. பளபளப்புக்காகத் தொடங்கிய வேலை எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியது. அன்று முதல், வண்டியைக் கழுவுவது வண்டியைப் பார்ப்பதற்கான வேளை என்பதை உணர்ந்துகொண்டோம்.

ஆகவே, சக்கரத்தைத் துடைக்கும்போது குனிந்து உட்பக்கத்தையும் பாருங்கள். டயரின் பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் குறுக்காக இருக்கும். டயர் அந்த மேட்டின் அளவிற்குத் தேய்ந்துவிட்டால், பள்ளத்தின் ஆழம் சட்டம் அனுமதிக்கும் 1.6 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் கொண்ட ஒரு குறி உண்டு. 2321 என்று இருந்தால், 2021 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது என்று அறியலாம். பள்ளம் ஆழமாக இருந்தும் பக்கவாட்டில் வெடிப்புகள் தெரிந்தால், அந்த டயரை நம்பக் கூடாது. வேண்டிய காற்றின் அளவு, ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

டயர் கறுப்பாக மின்ன வேண்டுமென்று பழைய எஞ்சின் எண்ணெயையோ டீசலையோ பூசுபவர்கள் இருக்கிறார்கள். ரப்பரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி, மென்மையாகி, வலுவிழக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். டயருக்குச் சோப்பு நீரே போதும். விடியற்காலை இருளில் நீங்கள் வெட்டி எடுத்த பாலின் ஒரு பகுதிதான், எங்கோ ஒரு தொழிற்சாலையில் டயராகி, உங்கள் குடும்பத்தைத் தாங்கி நிற்கிறது. அதற்கு உரிய மதிப்பைக் கொடுப்போம்.

எஞ்சின் மூடியைத் திறந்து இலை தழைகளை அகற்றுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல், எஞ்சின் ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். பேட்டரியின் முனைகளில் வெண்ணிறப் பொடி பூத்திருந்தால், ஆப்பச் சோடா கலந்த நீரைப் பல் துலக்கியால் தொட்டுத் துலக்கி, துடைத்து உலர்த்துங்கள். அப்போது கையில் மோதிரமோ வளையலோ இருத்தல் கூடாது. சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது.

வேலை முடிந்த பிறகு

வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே கொசுவாகிவிடும். கழற்றிப்போட்ட பழைய டயர் அதற்குப் பிடித்த வீடு. கொசு பெருக இடம் கொடுப்பது, 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். பழைய எஞ்சின் எண்ணெயை ஓடையில் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கழுவி முடித்து முதன்முறை ஓட்டும்போது, மெதுவாகச் சென்று இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஈரம் காய்ந்து பிரேக் நன்றாகப் பிடிப்பதை உறுதிசெய்த பின்னரே வேகமெடுங்கள்.

இவ்வளவையும் வாரந்தோறும் செய்ய வேண்டியதில்லை. மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். மற்ற வாரங்களில் கண்ணாடி, விளக்கு, கைப்பிடிகள் ஆகியவற்றைத் துடைத்தால் நிறைவு. மருந்தடித்த நாளில் மட்டும், வேலை உடையையும் காலணியையும் மூடி கட்டிய பையில் வைத்து, கை கழுவிய பிறகே வண்டியில் ஏறுங்கள். அமிலத் தோம்பையும் மருந்துத் தோம்பையும் பிள்ளைகள் பயணம் செய்யும் வண்டியில் ஏற்றாமல் இருப்பதே நலம். வேறு வழியே இல்லையென்றால், இறுக மூடி, விளிம்புள்ள பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கொண்டு செல்லுங்கள்.

குடும்பமாகச் சேர்ந்து செய்தால் இந்த வேலை எளிதாகும். மகன் கண்ணாடியைத் துடைக்கட்டும், மகள் டயரின் எண்களைப் படித்துச் சொல்லட்டும், பெரியவர்கள் சாமான் அறையையும் சக்கரங்களையும் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்துப் பழகும் பிள்ளைகள், நாளை தங்கள் சொந்த வண்டியையும் இவ்வாறே பேணுவார்கள்.

சுகாதாரம், சேமிப்பு, பிள்ளைகளின் நலன் ஆகிய மூன்றும் இந்தப் பொருளுக்குள் அடங்கியிருக்கின்றன என்று தொடக்கத்தில் சொன்னோம். நஞ்சைத் துடைப்பது சுகாதாரம். துருவைத் தடுப்பது சேமிப்பு. குனிந்து சக்கரத்தைப் பார்ப்பது பிள்ளைகளின் நலன். வாளியும் துணியும் இருந்தால் போதும் என்று எண்ணியவர்களுக்கு, அவற்றோடு கவனிக்கும் கண்ணும் வேண்டும் என்பதை மட்டும் சொல்லி விடைபெறுகிறோம்.